பஸ்சிலேயே போகலாம், பூக்களின் பள்ளத்தாக்குக்கு

மூன்று நாள் லீவு கிடைத்தால் டெல்லியில் இருக்கும் தமிழர் என்ன செய்வார்? ஊருக்குப் போக முடியாது. தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஏறினாலும் சரி, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் ஏறினாலும் சரி, சென்னை போய்ச் சேர ஒன்றரை நாள். அங்கிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ இன்னும் ஒரு இரவு. அம்மா கையால் ஒரு வேளை சாப்பிட்டு விட்டு அப்படியே திரும்ப வேண்டியதுதான். எனவே பொங்கலுக்கும் கோடைக்கும் என்று பெரிய லீவைச் சேர்த்து வைக்கிறார்கள். சின்ன லீவு துணி துவைப்பதிலும் தூக்கத்திலும் போய் விடுகிறது.

அந்தச் சின்ன லீவை ஒரு சனி, ஞாயிறோடு ஒட்ட வைத்தால், பணக்காரர்கள் காரிலும் ஹெலிகாப்டரிலும் போய்ப் பார்க்கும் ஓர் இடத்தை, டவுன் பஸ் பழக்கம் உள்ள எவரும் பஸ்சிலும் கால்நடையாகவும் போய்ப் பார்த்து வரலாம். அதுதான் உத்தரகாண்ட் மாநிலத்தில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கு. இந்தியில் "பூலோன் கி காட்டி".

சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத் போகும் வழியில், இமயமலையின் உள்மடிப்பில் இருக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. புஷ்பவதி என்ற ஆறு திப்ரா பனிப்பாறையில் இருந்து இறங்கி இதன் நடுவே ஓடுகிறது. பள்ளத்தாக்கின் நீளம் சுமார் 8 கிலோ மீட்டர், அகலம் சுமார் 2 கிலோ மீட்டர். 1982-ம் ஆண்டு தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. சுற்றியுள்ள மலைகளையும் சேர்த்துப் பூங்காவின் பரப்பு 87.5 சதுர கிலோ மீட்டர். 2005-ம் ஆண்டு ஐ.நா.வின் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில், பக்கத்தில் உள்ள நந்தாதேவி பூங்காவோடு சேர்த்தது.

ஜூன் 1-ந் தேதி முதல் அக்டோபர் 31-ந் தேதி வரை மட்டுமே திறந்திருக்கும். மற்ற மாதங்களில் பனி மூடிக் கிடக்கும்.

மழையும் பூவும்

புறப்படும் முன் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். பூ பூப்பது மழைக்காலத்தில். ஜூலை நடுவில் இருந்து ஆகஸ்டு இறுதி வரைதான் பள்ளத்தாக்கு நிறைந்திருக்கும். மலை சரிவதும் அதே மழையில்தான். வெயில் காய்கிற நாளில் போனால் ரோடு நன்றாக இருக்கும், பூ இருக்காது. பூ இருக்கிற நாளில் ரோடு இருக்குமா என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும்.

ஆகவே எத்தனை நாள் கணக்குப் போட்டாலும் அதற்கு மேல் ஒரு நாள் கையில் இருக்க வேண்டும். "திங்கட்கிழமை காலை கண்டிப்பாக ஆபீசில் இருந்தாக வேண்டும்" என்கிறவர் இந்த வழிக்கு வரக் கூடாது. மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. மலை சரிந்தது என்று பிறகு சொன்னால் நம்ப மாட்டார்.

ஜூனில் போனால் பனி உருகும் ஓரங்களில் சின்னச் சின்னப் பூக்கள் தலை காட்டும். செப்டம்பரில் வானம் நிர்மலமாக இருக்கும், மலைச் சிகரங்கள் நன்றாகத் தெரியும். ஆனால் செடிகள் பழுத்து விதை பிடிக்கத் தொடங்கி விடும். சுதந்திர தின விடுமுறை ஆகஸ்டில் வருவது டெல்லி குமாஸ்தாவுக்கு இயற்கையே செய்த உபகாரம் எனலாம்.

காஷ்மீரி கேட்டில் இருந்து

காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் இருந்து ரிஷிகேசத்துக்கு இரவும் பகலும் பஸ் உண்டு. சுமார் 240 கிலோ மீட்டர். ஆறு அல்லது ஏழு மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸ் முடிந்ததும் நேராகப் பஸ் நிலையம் போய் விட வேண்டும். வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டுக் கிளம்புகிறவர் மறுநாள் மலை பஸ்சைக் கோட்டை விட்டு விடுவார்.

காரணம் இதுதான். ரிஷிகேசத்துக்கு மேலே மலை ரோட்டில் இரவு நேரத்தில் பஸ் ஓட விடுவதில்லை. ஜோஷிமட் வரை சுமார் 250 கிலோ மீட்டரை ஒரே பகலில் ஓடி முடித்தாக வேண்டும். எனவே அந்தப் பக்கம் போகும் பஸ்கள் விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கே கிளம்பி விடுகின்றன. அதை விட்டால் நேர் பஸ் கிடைப்பது கடினம். ஆனாலும் திரும்பி வர வேண்டியதில்லை. ஸ்ரீநகர் வரை ஒரு பஸ், அங்கிருந்து ருத்ரபிரயாகை வரை ஒரு ஷேர் ஜீப், கர்ணபிரயாகைக்கு இன்னொன்று என்று விட்டு விட்டுப் போகலாம். இந்த ஸ்ரீநகர் காஷ்மீரத்து ஸ்ரீநகர் அல்ல, கர்வால் ஸ்ரீநகர்.

ஜூலையில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆடி மாத வாக்கில் வட நாட்டுச் சிவ பக்தர்கள் அரித்துவாரத்தில் கங்கை நீர் எடுத்துத் தோளில் காவடி கட்டி நடந்தே ஊர் திரும்புவார்கள். லட்சக்கணக்கான கூட்டம். நம் ஊர்க் காவடிக்கு உறவுதான். அந்த நாட்களில் டெல்லி - அரித்துவாரம் ரோட்டில் போக்குவரத்தைத் திருப்பி விடுவார்கள். ஏழு மணி நேரம் பன்னிரண்டு ஆகும். அந்தப் பதினைந்து நாள் போகட்டும் என்று காத்திருப்பதே மேல்.

மலை பஸ் சிறியது. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் எலும்பு எண்ணப்படும். முதல் நாளே டிக்கெட் வாங்க முடிந்தவர்கள் முன் வரிசை கேட்டு வாங்குவார்கள். வளைவுகள் அதிகம் என்பதால் வயிற்றைப் புரட்டும். ஓர் எலுமிச்சம் பழமும், காலி வயிறும், ஜன்னல் ஓரமும் இருந்தால் சமாளிக்கலாம். தேவபிரயாகைக்கு முன்னால் தீன் தாரா என்ற இடத்தில் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். பெரும்பாலான பஸ்கள் அங்கே நிற்கும். ரொட்டி, ராஜ்மா, உருளைக்கிழங்கு. சாதமும் கிடைக்கும். ரசம் கிடைக்காது.

ஆழ்வார்கள் பாடிய வழி

இந்த ரோடு தமிழர்களுக்குப் புதியது அல்ல. ரிஷிகேசத்தில் இருந்து 70 கிலோ மீட்டரில் வரும் தேவபிரயாகைதான் வைணவர்களின் 108 திருப்பதிகளில் ஒன்றான "திருக்கண்டமென்னும் கடிநகர்". பெரியாழ்வார் இதைப் பாடியிருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரின் பாட்டு, பாகீரதியும் அலகநந்தாவும் சேர்ந்து கங்கை என்று பெயர் பெறும் இடம் வரை வந்திருக்கிறது. மேலே போனால் ஜோஷிமட். அதைத்தான் திருமங்கையாழ்வார் பாடிய "திருப்பிரிதி" என்று பெரியோர் சொல்வர். அதற்கும் மேலே பதரிகாசிரமம்.

பஸ் வசதி இல்லாத காலத்தில் யாத்ரீகர்கள் ரிஷிகேசத்தில் இருந்து நடந்தே இவ்வளவும் கடந்தார்கள். திரும்பி வருவோம் என்ற நிச்சயம் இல்லாமல், வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லி விட்டுக் கிளம்பிய காலம் அது.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர் ஒன்றைக் கவனிக்கலாம். பஸ் நாள் முழுவதும் ஒரே ஆற்றை எதிர்த்து ஏறிக் கொண்டிருக்கும். தேவபிரயாகைக்குப் பிறகு அது அலகநந்தா. ருத்ரபிரயாகையில் மந்தாகினி வந்து சேர்கிறது. கர்ணபிரயாகையில் பிண்டார். நந்தபிரயாகையில் நந்தாகினி. ஜோஷிமட் தாண்டி விஷ்ணுபிரயாகையில் தவுளி கங்கை. இன்னும் மேலே, கோவிந்த்காட்டில் பூக்களின் பள்ளத்தாக்கின் தண்ணீர் வந்து சேர்கிறது. அரித்துவாரத்தில் நாம் தலையில் தெளித்துக் கொள்ளும் கங்கையில் அந்தப் பூச்செடிகளின் வேர் நனைத்த நீரும் இருக்கிறது.

ருத்ரபிரயாகை என்றதும் சிலருக்குச் சிறுத்தை நினைவு வரும். 125 பேரைக் கொன்ற ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926-ம் ஆண்டு ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தியது இங்கேதான்.

ஸ்ரீநகருக்கும் ருத்ரபிரயாகைக்கும் நடுவே சிரோபகட் என்ற இடத்தில் மழைக்காலத்தில் மலை அடிக்கடி சரியும். பீப்பல்கோட்டிக்கு மேலே "பாகல் நாலா" என்று ஓர் ஓடை. பாகல் என்றால் பைத்தியம். பெயரைக் கேட்டாலே அதன் குணம் தெரியும். மழை பெய்தால் ரோட்டின் மேல் சேற்றையும் கல்லையும் கொண்டு வந்து கொட்டும். மண் அள்ளும் இயந்திரம் வரும் வரை இரு பக்கமும் பஸ்கள் வரிசையாக நிற்கும். டிரைவர் இறங்கி பீடி பற்ற வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரம் என்று அர்த்தம். பாய் விரித்துப் படுத்து விட்டார் என்றால் அன்று இரவு அங்கேதான்.

விரிசல் விட்ட ஊர்

இருட்டும் நேரத்தில் ஜோஷிமட் வரும். பத்ரிநாத் கோவில் நடை மூடும் குளிர்காலத்தில் ஆதிசங்கரரின் பீடத்தைக் கொண்டு வந்து வைப்பது இந்த ஊரில் உள்ள நரசிங்கர் கோவிலில். ஊருக்கு ஜோதிர்மட் என்ற பழைய பெயரை 2024-ம் ஆண்டு அதிகாரப்பூர்வமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ்காரர்கள் வாயில் இன்னமும் ஜோஷிமட்தான்.

2023 ஜனவரியில் இந்த ஊர் நாடு முழுவதும் செய்தியானது. நிலம் உள்வாங்கி 800-க்கும் மேற்பட்ட கட்டிடங்களில் விரிசல் விட்டது. குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு முகாம்களுக்குப் போயின. பழைய நிலச்சரிவின் மண்மேட்டின் மீது எழுந்த ஊர் இது என்றும், கனமான கட்டிடங்களைத் தாங்காது என்றும் 1976-ம் ஆண்டிலேயே மிஸ்ரா கமிட்டி சொல்லியிருந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய ஓட்டல்கள் எல்லாம் எழுந்தன.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2021 பிப்ரவரி 7-ந் தேதி, பக்கத்து ரிஷி கங்கைப் பள்ளத்தாக்கில் பாறையும் பனியும் சரிந்து வெள்ளம் வந்தது. 200-க்கு மேற்பட்டவர்கள் இறந்தோ காணாமலோ போனார்கள். பெரும்பாலோர் நீர்மின் திட்டங்களில் வேலை பார்த்த கூலியாட்கள், வெளியூரில் இருந்து பிழைக்க வந்தவர்கள். 1974-ம் ஆண்டு கவுரா தேவி என்ற கிராமத்துப் பெண்மணி தன் கூட்டாளிகளோடு மரங்களைக் கட்டிக் கொண்டு ஒப்பந்தக்காரரின் ஆட்களைத் திருப்பி அனுப்பிய ரேணி கிராமம் அதே வழியில்தான் இருக்கிறது.

ஜோஷிமட்டில் தங்கக் கர்வால் மண்டல விகாஸ் நிகம் நடத்தும் விடுதி உண்டு. ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுக்கும் பொது அறைகளும் உண்டு. குருத்வாராவில் இலவசமாகத் தங்கலாம். தலையை மூடிக் கொள்ள வேண்டும், பீடி சிகரெட் கூடாது. ஹேம்குண்ட் யாத்திரைக்காக ரிஷிகேசம், ஸ்ரீநகர், ஜோஷிமட், கோவிந்த்காட், காங்கரியா எல்லா ஊர்களிலும் குருத்வாராக்கள் இருப்பதால், தங்கவும் சாப்பிடவும் செலவே இல்லாமல் போய் வருகிறவர்களும் உண்டு. உண்டியலில் தங்களால் ஆனதைப் போட்டு விட்டு வருவார்கள்.

முதுகில் மனிதன்

மறுநாள் காலை ஜோஷிமட்டில் இருந்து ஷேர் ஜீப்பிலோ பத்ரிநாத் பஸ்சிலோ கோவிந்த்காட். சுமார் 20 கிலோ மீட்டர். அங்கே பாலம் தாண்டி, ஜீப்பில் 4 கிலோ மீட்டர் போனால் புல்னா. சக்கரம் அதோடு சரி. அப்புறம் கால்தான். காங்கரியா வரை சுமார் 10 கிலோ மீட்டர். 6 ஆயிரம் அடி உயரத்துக் கோவிந்த்காட்டில் இருந்து 10 ஆயிரம் அடிக்கு ஏற வேண்டும். வழியெல்லாம் கல் பாவியிருக்கும். மழையில் வழுக்கும். கோவர்தன மலையில் ஏறுவது போலப் பேசிச் சிரித்துக் கொண்டு ஏறினால் ஆறு மணி நேரம்.

முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதை உண்டு. அதுவும் ஏறத் தெரியாதவர்களுக்குக் "கண்டி". கூடையை முதுகில் கட்டி, அதில் ஆளை உட்கார வைத்து, மனிதனை மனிதன் சுமந்து ஏறுவது. சுமப்பவர்களில் பலர் நேபாளத்தில் இருந்து பருவத்துக்குப் பருவம் வந்து போகிறவர்கள். நாலைந்து மாதச் சம்பாத்தியம்தான் வீட்டில் வருடம் முழுவதும் அடுப்பு எரிய வைக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பது என்றால் என்ன என்று தெரிந்த டெல்லித் தமிழர்கள் இவர்களிடம் பேரம் பேசும்போது கொஞ்சம் கை தளர்ந்தால் தப்பில்லை. ரேட் எழுதிப் போட்டிருப்பார்கள். அதில் இருந்து குறைக்கச் சொல்வதற்கு முன் அந்த ஏற்றத்தை ஒரு தடவை வெறுங்கையோடு ஏறிப் பார்க்க வேண்டும்.

நடுவழியில் பியூந்தார் கிராமம். அல்லது, பியூந்தார் இருந்த இடம். குளிர்காலத்தில் புல்னாவிலும் கோடையில் இங்கேயும் வாழ்வது இந்த மக்களின் வழக்கம். 2013 ஜூன் நடுவில் கேதார்நாத்தை அழித்த அதே மழையில் இங்கும் ஆறு புரண்டு வந்தது. பியூந்தார் வீடுகளை அடித்துக் கொண்டு போனது. வழித்தடம் போனது. கோவிந்த்காட்டில் நிறுத்தி வைத்திருந்த கார்களும் பஸ்களும் அலகநந்தாவில் மிதந்தன. மேலே காங்கரியாவில் மாட்டிக் கொண்ட யாத்ரீகர்களை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டி வந்தது. இன்றும் ஆற்றோரத்தில் வீடளவு பாறைகள் கிடக்கின்றன. அவை அன்று வந்தவை.

மறுபடியும் பாதை போட்டார்கள். மறுபடியும் டீக்கடை வைத்தார்கள். குப்பை அள்ளுவதைக் கிராமத்தாரே ஒரு குழு அமைத்துச் செய்கிறார்கள். யாத்திரைப் பருவத்தில் சேரும் பிளாஸ்டிக் பாட்டில்களை மூட்டை கட்டிக் கீழே இறக்குகிறார்கள்.

காங்கரியா ஒரே ஒரு தெரு. இரு பக்கமும் ஓட்டல், நடுவில் கழுதை, எந்நேரமும் தூறல். தந்தூரி ரொட்டியும் மாகி நூடுல்சும் தாராளம். குளிர்காலத்தில் ஒரு ஜீவன் இருக்காது. சீக்கியர்கள் இதைக் கோவிந்த் தாம் என்பார்கள்.

உள்ளே

காங்கரியாவில் இருந்து சற்று ஏறியதும் வழி இரண்டாகப் பிரியும். வலது பக்கம் ஹேம்குண்ட் சாகிப். கூட்டம் எல்லாம் அந்தப் பக்கம். இடது பக்கம் வன இலாகா வாசல். அடையாள அட்டை காட்டி, பணம் கட்டி, கையில் உள்ள பிளாஸ்டிக்கைக் கணக்குக் கொடுத்து உள்ளே போக வேண்டும். காலை 7 மணி வாக்கில் திறப்பார்கள். மாலை 5 மணிக்குள் எல்லோரும் வெளியே வந்து விட வேண்டும். உள்ளே தங்கக் கூடாது, கடை கிடையாது, கழுதை கிடையாது. காலையில் கட்டிக் கொடுக்கும் பரோட்டாதான் மதியச் சாப்பாடு.

பாலத்தில் புஷ்பவதியைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். வெள்ளைப் பட்டை உரியும் பூர்ஜ மரங்கள். நம் ஊரில் பனையோலையில் எழுதிய காலத்தில் வடக்கே இந்தப் பட்டையில்தான் ஏடு எழுதினார்கள். மரங்கள் முடிந்ததும் திடீரென்று பள்ளத்தாக்கு விரியும்.

பூங்காவில் 500-க்கும் மேற்பட்ட பூக்கும் தாவரங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே நாளில் பூத்து நிற்காது. சினிமாவில் வருவது போல ஒரே நிறக் கம்பளமாக எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். குனிந்து பார்க்கிறவர்களுக்குத்தான் இந்த இடம். நீலப் பாப்பி பாறை இடுக்கில் தனியாக நிற்கும். படமெடுத்த நாகம் போல ஒரு செடி, அதற்கு நாக லில்லி என்றே பெயர். ஆற்றங்கரைக் கற்களுக்கு நடுவே ஊதா நிறப் பூக்கள் கொத்துக் கொத்தாக இருக்கும்.

ஆள் உயரத்துக்கு நிற்கும் இளஞ்சிவப்புப் பூச்செடியைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு எங்கோ பார்த்த ஞாபகம் வரும். வேறொன்றும் இல்லை, வீட்டுக் கொல்லையில் வளரும் காசித்தும்பையின் மலை நாட்டுச் சொந்தம். காயைத் தொட்டால் வெடித்து விதை சிதறுவது அதே போலத்தான். தொட்டுப் பார்க்கக் கூடாது என்பது மட்டும் வித்தியாசம்.

பிரம்ம கமலம் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஹேம்குண்ட் வழியில் உயரே போக வேண்டும். அதுதான் உத்தரகாண்டின் மாநிலப் பூ. நம் ஊர் மாடிகளில் தொட்டியில் வளர்த்து, இரவில் பூத்ததும் அக்கம் பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோமே, அது இது அல்ல. அது அமெரிக்காவில் இருந்து வந்த கள்ளி இனம். இமயத்துப் பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பம். வெளிர் மஞ்சள் காகிதம் சுற்றியது போல இருக்கும்.

புத்தகம் எழுதியவரும், திரும்பாதவரும்

1931-ம் ஆண்டு பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயரும் அவர் கூட்டாளிகளும் 25 ஆயிரத்து 446 அடி உயரக் காமெத் சிகரத்தில் ஏறினார்கள். அதுவரை மனிதன் எட்டிய சிகரங்களில் அதுவே உயரமானது. இறங்கி வரும்போது மலைக் கணவாய் தாண்டி இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்தார்கள். ஸ்மைத் 1937-ல் பூக்களைப் பார்ப்பதற்கென்றே மறுபடி வந்து தங்கினார். 1938-ல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயர்தான் இப்போது பள்ளத்தாக்கின் பெயர்.

அவர்தான் இதைக் "கண்டுபிடித்தார்" என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுகின்றன. ஆட்டு மந்தையோடு வருடா வருடம் வந்து போன பியூந்தார்க்காரர்கள் கணக்கில் வரவில்லை போலும்.

புத்தகம் வந்த மறு வருடம், 1939-ல், ஜோன் மார்கரெட் லெக் என்ற தாவர ஆராய்ச்சிப் பெண்மணி கியூ தோட்டத்துக்காகச் செடிகள் சேகரிக்க வந்தார். வயது 54. பாறையில் பூப் பறிக்கும்போது தவறி விழுந்து ஜூலை 4-ந் தேதி இறந்தார். பள்ளத்தாக்கிலேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய சகோதரி பிறகு வந்து கல்வெட்டு வைத்தார். கல்லறையைச் சுற்றிலும் இன்று பூக்கள். பெரும்பாலானவர்கள் இதுவரை நடந்து வந்து, பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து விட்டு, இங்கிருந்து திரும்புகிறார்கள்.

ஆடு செய்த குற்றம் என்ன?

தேசியப் பூங்கா ஆனதும் ஆடு மாடு மேய்க்கத் தடை வந்தது. ஆடு பூவைத் தின்கிறது, செடியை மிதிக்கிறது என்பது காரணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தடை வந்த சில ஆண்டுகளில் வேறொரு தொல்லை தலை தூக்கியது. பாலிகோனம் என்ற உயரமான செடி, ஊர்க்காரர்கள் "அமேலா" என்பது, மளமளவென்று பரவி மற்றச் செடிகளை மூடத் தொடங்கியது. வன இலாகா வருடா வருடம் ஆள் வைத்து அதைப் பிடுங்குகிறது.

மந்தைகள் மிதித்தும் மேய்ந்தும் அதை அடக்கி வைத்திருந்தன, ஆட்டை விரட்டியதால்தான் பூ குறைகிறது என்று கிராமத்தார் சொல்கிறார்கள். தாவர நிபுணர்கள் சிலரும் அதற்குத் தலை அசைக்கிறார்கள். வேறு சிலர், பழைய மந்தைகள் பட்டி அடைத்த இடத்தில் எரு சேர்ந்துதான் இந்தச் செடியே வேர் பிடித்தது, நாளடைவில் சரியாகி விடும் என்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் உண்டு. மேய்ச்சல் நிலத்தை இழந்தவர்களுக்கு மட்டும் கட்டுரை எழுதத் தெரியவில்லை. மந்தையை விற்று விட்டுக் கழுதையும் டீக்கடையும் வைத்தார்கள். இன்றைக்கு அவர்கள் பிழைப்பு முழுவதும் நடந்து வருகிறவர்களை நம்பி இருக்கிறது.

இப்போது அதற்கும் ஒரு கேள்வி வந்திருக்கிறது. கோவிந்த்காட்டில் இருந்து ஹேம்குண்ட் வரை 12.4 கிலோ மீட்டர் நீளத்துக்குக் கம்பிவட ரெயில் அமைக்க 2025 மார்ச்சில் மத்திய மந்திரி சபை ஒப்புதல் கொடுத்தது. செலவு 2 ஆயிரத்து 730 கோடி ரூபாய். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இது பெரிய உதவி என்பதில் சந்தேகம் இல்லை. கண்டி சுமப்பவரும் கழுதைக்காரரும் அப்புறம் என்ன செய்வார்கள் என்பதற்கு இன்னும் யாரும் திருப்தியான பதில் சொல்லவில்லை. அதே மார்ச் மாதத்தில் கோவிந்த்காட்டு ஆற்றுப் பாலம் பாறை சரிந்து உடைந்து, பருவம் தொடங்கும் முன் அவசரமாக வேறு பாலம் போட வேண்டியதாயிற்று. மலை தன் கருத்தைச் சொல்லாமல் இருப்பதில்லை.

லீவுக் கணக்கு

வெள்ளி இரவு டெல்லி. சனி முழுவதும் மலை பஸ், இரவு ஜோஷிமட். ஞாயிறு காங்கரியா ஏற்றம். திங்கள் பள்ளத்தாக்கு. செவ்வாய் இறங்கி மறுபடி ஜோஷிமட். புதன் ரிஷிகேசம், இரவு பஸ். ஆக மூன்று நாள் லீவு. ஹேம்குண்ட் ஏரியும் பார்க்க வேண்டும் என்றால் நாலு. சனிக்கிழமையும் வேலை நாளாக உள்ள தொழிலாளிகள் ஒன்று கூட்டிக் கொள்ள வேண்டும். மலை சரிவுக்கு என்று முன்பு சொன்ன ஒரு நாள் தனி.

ஹேம்குண்ட், பத்ரிநாத் போகிறவர்கள் உத்தரகாண்ட் அரசிடம் முன்கூட்டியே பெயர் பதிவு செய்ய வேண்டும். ஹேம்குண்ட் 14 ஆயிரம் அடி. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. தலைவலியும் வாந்தியும் வந்தால் பிடிவாதம் பிடிக்காமல் கீழே இறங்கி விட வேண்டும். அங்கே இரவு தங்க அனுமதி கிடையாது.

எடுத்துப் போக வேண்டியது அதிகம் இல்லை. பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ, இரண்டு ஜோடி காலுறை, ஸ்வெட்டர், மழைக்கோட்டு, ஆதார் அட்டை, போதிய ரொக்கம். மாற்றுத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வைக்க வேண்டும். மழைக்கோட்டு மறந்தவர்களுக்குக் கோவிந்த்காட்டில் மெல்லிசாக ஒன்று விற்கிறார்கள். ஒரு நாள் தாங்கும். ஊன்றிக் கொள்ளத் தடியும் அங்கேயே கிடைக்கும். இறக்கத்தில் அது மூன்றாவது கால்.

திரும்பும்போது ஜோஷிமட்டில் முதல் நாள் மாலையே மறுநாள் பஸ்சுக்கு டிக்கெட் எடுத்து விட வேண்டும். அதுவும் விடியற்காலையில் கிளம்புகிற பஸ்தான். பாகல் நாலாவும் சிரோபகட்டும் வழி விட்டால் பொழுது சாயும்போது ரிஷிகேசம். இரவு டெல்லி பஸ். வியாழக்கிழமை காலை 5 மணி வாக்கில் காஷ்மீரி கேட். ஆபீஸ் 9 மணிக்கு.